கன்ட்ரி இசை விருதுகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் கன்ட்ரி இசை (தென்மாநிலக் கிராமங்களில் பிறந்த ஒரு பாட்டு வகை) விருதுகள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கிட்டத்தட்ட வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல பாட்டுக்குக் கொடுக்கும் பரிசு என்று மட்டும் பார்த்தால் இந்த விருதுகளின் வரலாறு பாதிதான் புரியும். ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு என்று நடக்கும் தகராறு தெரியுமல்லவா, இதுவும் அந்த வகைதான். யார் நம்ம ஆள், யார் வெளியாள் என்பதுதான் அறுபது வருடமாக நடக்கும் வழக்கு.

கேள்வி: சிஎம்ஏ, ஏசிஎம், சிஎம்டி, கிராமி என்று நாலைந்து பெயர் அடிபடுகிறதே, எது எது? தலை சுற்றுகிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். சிஎம்ஏ என்பது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இருக்கும் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் தருவது. 1967இல் தொடங்கியது, துறைக்குள் இதற்குத்தான் மதிப்பு அதிகம். ஏசிஎம், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பிறந்த அகாடமியின் விருது. சிஎம்டி, ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தருவது. கிராமி எல்லா வகை இசைக்கும் பொது. அதில் கன்ட்ரிக்குச் சில பிரிவுகள் உண்டு. நாஷ்வில்காரர் ஒருவரிடம் எது வேண்டும் என்று கேட்டால், சிஎம்ஏவின் ‘என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்’ (ஆண்டின் சிறந்த கலைஞர் என்ற தலையாய விருது) என்றுதான் பெரும்பாலும் சொல்வார்.

கேள்வி: ஐயா, சிஎம்ஏ எதற்காகத் தொடங்கப்பட்டது? கலையை வளர்க்கவா, வியாபாரத்துக்கா?

வியாபாரத்துக்குத்தான், அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. 1950களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லியும் ராக் அண்ட் ரோலும் வந்து கன்ட்ரியின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டன. இளவட்டம் அந்தப் பக்கம் போனது, ரேடியோ நிலையங்களும் பின்னாலேயே போயின. 1961 வாக்கில் நாள் முழுக்க கன்ட்ரி போடும் நிலையங்கள் அமெரிக்கா முழுவதிலும் 81தான் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தப் பயத்தில் 1958இல் ரேடியோ அறிவிப்பாளர்கள், பாடல் பதிப்பாளர்கள், ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். ஒரே ஒரு இசை வகைக்காக அமைந்த முதல் வணிகச் சங்கம் இதுதான் என்பார்கள்.

முதல் முழுநேர ஊழியராக வந்தவர் ஜோ வாக்கர் என்ற பெண்மணி. அலுவலக வேலைக்கு என்று சேர்ந்தவர், பிறகு நிர்வாக இயக்குநராகி 1991 வரை சங்கத்தை நடத்தினார். மேடையில் மின்னியவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்; என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகி அவர்தான். சங்கத்தார் விளம்பர நிறுவனங்களிடமும் ரேடியோ முதலாளிகளிடமும் போய், ‘கன்ட்ரி கேட்பவன் கையில் காசு இருக்கிறது, உங்கள் சோப்பையும் காரையும் வாங்குவான்’ என்று கணக்குக் காட்டினார்கள். அறுபதுகளின் இறுதிக்குள் முழுநேர நிலையங்கள் அறுநூறைத் தாண்டிவிட்டன.

விருதுக்கு முன்பே, 1961இல், சாதனையாளர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வந்துவிட்டது. முதலில் சேர்க்கப்பட்டவர்கள் ஜிம்மி ராட்ஜர்ஸ், ஹாங்க் வில்லியம்ஸ், பாடலாசிரியரும் பதிப்பாளருமான ஃப்ரெட் ரோஸ். மூவருமே அப்போது உயிரோடு இல்லை. அடுத்த வருடம் ராய் ஏகஃப், உயிரோடு இருக்கும்போதே சேர்க்கப்பட்ட முதல் ஆள். செத்தவர்களுக்கு மரியாதை செய்வதில் சண்டை வராது. இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மரியாதை என்று ஆரம்பித்ததும்தான் வம்பு.

கேள்வி: 1967இல் நடந்த முதல் விழா எப்படி இருந்தது? டிவியில் வந்ததா?

வரவில்லை. நாஷ்வில் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் அக்டோபரில் நடந்தது. துறைக்காரர்கள் கூடி விருந்து சாப்பிட்டு விருது கொடுத்துக்கொண்ட நிகழ்ச்சி என்றே சொல்லலாம். தொகுத்தவர்கள் சானி ஜேம்ஸும் பாபி ஜென்ட்ரியும். என்டர்டெய்னர் விருது எடி ஆர்னால்டுக்கு. சிறந்த பாடகி லொரெட்டா லின். அன்று அதிகம் அள்ளியது ஜாக் கிரீன். எர்னஸ்ட் டப்பின் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரே பாட்டில் மேலே வந்து சிறந்த பாடகர், சிறந்த சிங்கிள், சிறந்த ஆல்பம் மூன்றையும் வாங்கினார்.

எடி ஆர்னால்டைத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். பண்ணையில் வளர்ந்தவர், ஆனால் அந்த நேரம் வயலின் குழு சூழ, கோட்டு சூட்டில் மென்குரலில் பாடிக்கொண்டிருந்தார். நகரத்து நடுத்தரக் குடும்பமும் கேட்கும்படியான கன்ட்ரி. ‘நாங்கள் பட்டிக்காட்டான்கள் இல்லை’ என்று வெளியுலகத்துக்குச் சொல்ல வேண்டிய அவசரம் சங்கத்துக்கு இருந்தது. முதல் வருடமே அது தெரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வருடம், 1968இல், ரைமன் அரங்கில் நடந்த விழாவைப் பதிவு செய்து என்பிசி டிவி ஒளிபரப்பியது. 1972இல் சிபிஎஸ்ஸுக்குப் போனது, 2006 முதல் ஏபிசியில். இடமும் ரைமன், கிராண்ட் ஓல் ஓப்ரி ஹவுஸ், இப்போது பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கம் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2005இல் ஒரு தடவை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கே கொண்டுபோனார்கள்.

கேள்வி: சிங்கிள் ஆஃப் தி இயர், சாங் ஆஃப் தி இயர். இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லை, எல்லோரும் தடுமாறும் இடம் இது. சிங்கிள் என்பது ஒலிப்பதிவுக்கு: பாடியவர், தயாரித்தவர் ஆகியோருக்குப் போகும். சாங் என்பது எழுதியவருக்கு மட்டும். முதல் வருடமே ஜாக் கிரீன் பாடிய பாட்டுக்கு சிங்கிள் அவருக்கு, சாங் அதை எழுதிய டல்லஸ் ஃப்ரேசியருக்கு.

இந்தப் பிரிவினைக்கு நாஷ்வில்லில் அர்த்தம் உண்டு. அந்த ஊரில் பாட்டு எழுதுவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக் காலை பத்து மணிக்கு அறைக்குள் போய் மூன்று பேர் சேர்ந்து எழுதும் வழக்கம் இருக்கிறது. முகம் தெரியாத அந்தக் கூட்டத்துக்குக் கிடைக்கும் மேடை இது ஒன்றுதான்.

கேள்வி: ஓட்டுப் போடுவது யார்? நானும் போடலாமா?

நீங்கள் கன்ட்ரி இசைத் துறையில் சம்பாதிப்பவராக இருந்தால் போடலாம். பாடகர், வாத்தியக்காரர், மேனேஜர், ரேடியோக்காரர், கச்சேரி ஏற்பாட்டாளர், பப்ளிசிஸ்ட் என்று ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை வெளிவந்தவை கணக்கில் வரும். மூன்று சுற்று வாக்கெடுப்பு: முதலில் பெயர் பரிந்துரை, அடுத்து ஐந்தாகச் சுருக்குவது, கடைசியில் ஒன்று. எண்ணுவது வெளியிலிருந்து ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனம்.

இதில் நீண்ட காலமாக ஒரு புகார் உண்டு. பெரிய ரெக்கார்டு கம்பெனியில் உறுப்பினர்கள் நிறைய. எல்லோரும் தங்கள் ஆளுக்கே குத்தினால் வெளியில் தனியாக நிற்பவன் என்ன செய்வான்? விதிகளை அவ்வப்போது இறுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் சேர்ந்து வேலை செய்பவர்கள் சேர்ந்து ஓட்டுப் போடுவதை எந்த விதியாலும் முழுதாக நிறுத்த முடியாது.

கேள்வி: நாஷ்வில்லில் ஒன்று இருக்கும்போது ஏசிஎம் எதற்கு?

வயதில் மூத்தது உண்மையில் ஏசிஎம் விருதுதான். 1964இல் கலிஃபோர்னியாவில் அமைப்பைத் தொடங்கினார்கள். காரணம், நாஷ்வில் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்ற ஆதங்கம். முப்பதுகளில் ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் மண் வறண்டு புழுதிப்புயல் அடித்தபோது லட்சக்கணக்கில் மேற்கே போனார்கள். கூடவே பாட்டும் போனது. பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரின் மதுக்கடைகளில் வளர்ந்த அந்த இசை, வயலின் குழைவுகள் ஏதும் இல்லாமல், டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மையோடு ஒலித்தது. பக் ஓவன்ஸ், மெர்ல் ஹேகர்ட் இருவரும் அதன் முகங்கள்.

1965ஆம் ஆண்டுக்கான முதல் ஏசிஎம் விருதில் சிறந்த பாடகர் பக் ஓவன்ஸ், சிறந்த பாடகி பானி ஓவன்ஸ், நம்பிக்கை தரும் புதுப்பாடகர் மெர்ல் ஹேகர்ட். பானி, பக்கின் முன்னாள் மனைவி; அதே 1965இல்தான் மெர்லை மணந்திருந்தார். மூன்று விருதும் ஒரே குடும்பத் தகராறுக்குள் முடிந்துவிட்டது என்று பேக்கர்ஸ்ஃபீல்டில் யாராவது சிரித்திருப்பார்கள். (உண்மையில் தகராறும் பெரிதாக இல்லை. மூவரும் பிறகும் சேர்ந்து வேலை செய்தார்கள்.)

இப்போது அந்த மேற்கு அடையாளமெல்லாம் கரைந்துவிட்டது. விழா லாஸ் வேகஸுக்குப் போனது, 2015இல் ஐம்பதாவது விழாவை டெக்சஸில் கால்பந்து மைதானத்தில் எழுபதாயிரம் பேர் முன் நடத்தினார்கள், 2022இல் டிவியை விட்டு முழுக்க அமேசான் ப்ரைமுக்கு மாறினார்கள். அமைப்பின் அலுவலகமே நாஷ்வில்லுக்கு வந்துவிட்டது. எதை எதிர்த்துத் தொடங்கினார்களோ அந்த ஊருக்கே குடிவந்தாயிற்று.

கேள்வி: மேடையில் ஒருவர் வெற்றியாளர் பெயரை எரித்தாராமே? உண்மையா அண்ணே?

உண்மை, 1975 சிஎம்ஏ. ஆனால் கதை ஒரு வருடம் முன்னால் ஆரம்பிக்கிறது.

1974இல் சிறந்த பாடகி விருது ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி. தோற்றவர்களில் லொரெட்டா லின், டாலி பார்ட்டன் இருவரும் உண்டு. ஒருவர் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், இன்னொருவர் டென்னசி மலையில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர். நாஷ்வில் கொதித்தது. ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வினெட் தம்பதியின் வீட்டில் பாடகர்கள் கூடி, பாப் ஆட்கள் உள்ளே நுழைவதை எதிர்த்து ஒரு புதுச் சங்கமே ஆரம்பித்தார்கள். சில வருடங்களில் அது கலைந்துவிட்டது. கோபம் கலையவில்லை.

அடுத்த வருடம் என்டர்டெய்னர் விருதை அறிவிக்க வந்தவர் சார்லி ரிச், முந்தைய வருட வெற்றியாளர். உறையைப் பிரித்தார், லைட்டரை எடுத்தார், காகிதத்தின் நுனியைப் பற்றவைத்தார், எரிந்துகொண்டிருக்கும்போதே ‘என் நண்பர் ஜான் டென்வர்’ என்கிற மாதிரி அறிவித்தார். டென்வர் ஆஸ்திரேலியாவிலிருந்து சேட்டிலைட் வழியாகத் தோன்றி, நடந்தது தெரியாமல் சிரித்தபடி நன்றி சொன்னார்.

ஊர் முழுக்க அதை ‘பாப் ஆளுக்குக் கொடுத்ததால் எரித்தான்’ என்றே எடுத்துக்கொண்டது. ரிச்சின் மகன் பிற்காலத்தில் வேறு விளக்கம் தந்தார்: காலில் அடிபட்டு வலிமாத்திரை போட்டிருந்தார், மேலே மதுவும் சேர்ந்தது, வேடிக்கை என்று நினைத்துச் செய்தார் என்று. எனக்கு அந்த விளக்கம் நம்பும்படியாகவே இருக்கிறது. ஏனென்றால் சார்லி ரிச்சே ஜாஸும் ப்ளூஸும் ஊறியவர், அவருடைய பெரிய வெற்றிகளும் பாப் பட்டியலில் கொடிகட்டியவைதான். பாப் கலப்பை எதிர்க்கும் தகுதி அந்த மேடையில் அவருக்குத்தான் மிகக் குறைவு. ஆனால் மக்கள் மனதில் நின்றது நெருப்புதான். அவருடைய தொழிலுக்கும் அது நல்லது செய்யவில்லை.

கேள்வி: கருப்பினப் பாடகர்களுக்கு இந்த விருதுகள் கிடைத்தே இல்லையா?

கிடைத்திருக்கிறது, ஆனால் விரல் விட்டு எண்ணலாம். சார்லி பிரைட் 1971இல் சிஎம்ஏ என்டர்டெய்னர்; அந்த வருடமும் அடுத்த வருடமும் சிறந்த பாடகர். மிசிசிப்பியில் பருத்தி பொறுக்கும் குடும்பம், இளவயதில் கருப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கில் பேஸ்பால் ஆடியவர். அவருடைய ஆரம்ப கால ரெக்கார்டுகளைப் படம் இல்லாமல் ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பினார்கள். குரலைக் கேட்டுப் பிடித்துப்போன பிறகுதான் ஆள் யார் என்று தெரியட்டும் என்ற கணக்கு. அப்புறம் 2009இல் டேரியஸ் ரக்கருக்குப் புதுக்கலைஞர் விருது. இடைவெளியைப் பார்த்தீர்களா?

பிரைடுக்கு 2020 நவம்பரில் சிஎம்ஏ வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. மேடையில் பாடவும் செய்தார். ஒரு மாதத்தில் கொரோனாவால் இறந்துபோனார். விழாவில் தொற்றியதா என்ற கேள்வி எழுந்தது. பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்றே வந்தது எனச் சங்கம் பதில் சொன்னது. அந்தக் கடைசிப் பாட்டை இன்றும் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை.

கேள்வி: பெண்களுக்கு என்டர்டெய்னர் விருது அபூர்வம் என்கிறார்களே?

1972இல் லொரெட்டா லின் வாங்கினார், அவர்தான் முதல் பெண். பிறகு 1978 டாலி பார்ட்டன் (பெயர் அறிவிக்கும் நேரம் பார்த்து அவர் உடையின் தையல் பிரிந்துவிட்டது, அதையே ஜோக்காக்கி அரங்கத்தைச் சிரிக்க வைத்தார்), 1980, 1981 இரண்டு முறையும் பார்பரா மாண்ட்ரெல், 1986 ரீபா மெக்கின்டயர், 1999 ஷனாயா ட்வெய்ன், 2000இல் பெண்கள் குழுவான டிக்சி சிக்ஸ், 2009, 2011இல் டெய்லர் ஸ்விஃப்ட். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு பெண்ணும் இல்லை. 2023இல் லெய்னி வில்சன் உடைத்தார், 2025இல் மறுபடியும் அவரே.

இதில் ஓட்டுப் போடுபவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த விருது கச்சேரி வசூலையும் ரேடியோவில் எவ்வளவு ஒலிக்கிறது என்பதையும் ஒட்டித்தான் போகும். 2015இல் ஒரு ரேடியோ ஆலோசகர், நிகழ்ச்சி ஒரு சாலட் என்றால் ஆண்கள்தான் கீரை, பெண்கள் நடுநடுவே போடும் தக்காளி என்று பேட்டி கொடுத்தார். பெரிய ரகளை ஆனது. ஆனால் அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. இரண்டு பெண் பாடகிகளை அடுத்தடுத்து ஒலிக்க விடாதே என்பது பல நிலையங்களில் எழுதாத விதி. ரேடியோவில் வராதவருக்குப் பெரிய அரங்கம் கிடைக்காது, அரங்கம் நிறையாதவருக்கு இந்த விருதும் கிடைக்காது.

2019 விழாவை முழுக்கப் பெண்களைக் கொண்டாடும் விழா என்று அறிவித்து, கேரி அண்டர்வுட், ரீபா, டாலி மூவரையும் தொகுக்க வைத்து, கடைசியில் என்டர்டெய்னர் என்று கார்த் புரூக்ஸ் பெயரைப் படித்தார்கள்! அவருக்கு அது ஏழாவது முறை, யாருக்கும் இல்லாத சாதனை. விமர்சனம் கிளம்பியதும், இனி என்னை அந்தப் பிரிவில் கருத வேண்டாம் என்று 2020இல் அவரே ஒதுங்கிக்கொண்டார். கேரி அண்டர்வுட்டுக்கு ஏசிஎம்மில் மூன்று முறை கிடைத்த அந்தப் பட்டம், சிஎம்ஏவில் ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை.

கேள்வி: புதுக்கலைஞர் விருது வாங்கினால் ராசியில்லை என்பார்களே, நிஜமா?

1981இல் ‘ஹொரைசன்’ என்ற பெயரில் தொடங்கியது, 2008இல்தான் இப்போதைய பெயர். முதல் வெற்றியாளர் டெர்ரி கிப்ஸ், பார்வையற்ற பியானோ கலைஞர். அதன் பிறகு அவருக்குப் பெரிய வெற்றி தொடரவில்லை. ராசியில்லை என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அடுத்த வருடம் வாங்கிய ரிக்கி ஸ்காக்ஸ் மூன்றே வருடத்தில் என்டர்டெய்னர் ஆனார். 1990இல் வாங்கியவர் கார்த் புரூக்ஸ். போதுமா?

கேள்வி: ஆலன் ஜாக்சன் ஏதோ கலகம் செய்தாராமே?

1999. ஜார்ஜ் ஜோன்ஸின் ‘சாய்ஸஸ்’ பாட்டு சிங்கிள் பிரிவில் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் ஜோன்ஸ் கார் விபத்தில் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்தார். விழாத் தயாரிப்பாளர்கள் பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். அவமானம் என்று சொல்லி அவர் வரவே இல்லை. அன்று மேடையில் ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, ஜோன்ஸின் பாட்டிலிருந்து பல்லவியைப் பாடிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அரங்கம் எழுந்து நின்றது.

விழாவுக்கும் இசைக்கும் உள்ள இழுபறி ஒரே நிமிடத்தில் தெரிய வேண்டுமென்றால் இதைத் தேடிப் பாருங்கள். டிவி நிகழ்ச்சிக்கு நிமிடம்தான் கணக்கு, பெரியவர் சிறியவர் கிடையாது. அதற்கு உள்ளிருந்தே ஒருவர் பதில் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான் அவ்வளவு சுத்தமாக நடந்தது.

கேள்வி: கிராமியில் ஜெயிப்பவர் சிஎம்ஏவில் தோற்கிறார், ஏன்?

ஓட்டுப் போடுகிற கூட்டம் வேறு. கிராமியில் எல்லா வகை இசைக்காரர்களும் இருக்கிறார்கள். ரேடியோ செல்வாக்கு அவர்களைப் பெரிதாகத் தொடாது. 1959இல் நடந்த முதல் கிராமியிலேயே கன்ட்ரிப் பிரிவு விருது கிங்ஸ்டன் ட்ரியோ என்ற நாட்டார் பாடல் குழுவுக்குப் போனது. நாஷ்வில்லுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பிறகு ரோஜர் மில்லர் இரண்டே வருடத்தில் 11 கிராமி வாங்கி ஓரளவு சமன் செய்தார்.

ஜானி கேஷ் கதை இன்னும் காரம். 1969இல் சிஎம்ஏ அவருக்கு ஒரே இரவில் ஐந்து விருது கொடுத்தது. தொண்ணூறுகளில் அவரைக் கன்ட்ரி ரேடியோ தொடவே இல்லை. ஆனாலும் 1998இல் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. உடனே தயாரிப்பாளர் ரிக் ரூபின் பில்போர்டு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டார்: கேஷ் நடுவிரலைக் காட்டும் பழைய படம், கூடவே நாஷ்வில் பெரியவர்களுக்கும் கன்ட்ரி ரேடியோவுக்கும் ‘ஆதரவுக்கு நன்றி’. கேஷ் 2003 செப்டம்பரில் இறந்தார். அந்த நவம்பரில் சிஎம்ஏ மூன்று விருது கொடுத்தது.

டிக்சி சிக்ஸ் கதையும் இதே ரகம். 2003இல் இராக் போருக்கு எதிராக லண்டன் மேடையில் பேசினார்கள், கன்ட்ரி ரேடியோ கதவைச் சாத்தியது. 2007இல் கிராமி ஐந்து விருதைக் கையில் கொடுத்தது. அந்த ஐந்தில் இசைக்குக் கொடுத்தது எவ்வளவு, ரேடியோவுக்குக் கொடுத்த பதிலடி எவ்வளவு என்று கேட்டால், இரண்டும் கலந்ததுதான்.

கேள்வி: பியான்சே ஆல்பத்துக்கு சிஎம்ஏ ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை. இது நிறவெறி என்கிறேன். நீங்கள்?

2016இல் சிஎம்ஏவின் ஐம்பதாவது விழாவில் அவர் டிக்சி சிக்ஸுடன் பாடினார். இணையத்தில் வசை பொழிந்தார்கள். ஒரு இடத்தில் தன்னை வரவேற்கவில்லை என்ற அனுபவத்திலிருந்தே ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பம் பிறந்தது என்று 2024இல் அவரே எழுதினார், இடத்தின் பெயரைச் சொல்லாமல். அந்த வருடம் சிஎம்ஏவில் பூஜ்யம். 2025 பிப்ரவரியில் கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், கூடவே ஆண்டின் சிறந்த ஆல்பம்.

நிறம் இதில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் மற்ற விஷயங்கள் விளங்காது. அதே 2024இல் கருப்பினப் பாடகர் ஷபூஸிக்கு இரண்டு பரிந்துரை கிடைத்தது. 2019இல் கருப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் பாட்டைக் ‘கன்ட்ரி இல்லை’ என்று பில்போர்டு பட்டியலிலிருந்து தூக்கினார்கள். கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவத்துக்கு சிஎம்ஏ விருது கொடுத்தது. 2023இல் ட்ரேசி சாப்மன் எழுதி 1988இல் வெளியிட்ட ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டைக் கன்ட்ரிப் பாடகர் லூக் கோம்ப்ஸ் பாட, சாப்மனுக்கு சாங் ஆஃப் தி இயர். கருப்பினப் பெண் ஒருவர் சிஎம்ஏ வாங்கியது அதுதான் முதல் தடவை, பாட்டு பிறந்து 35 வருடம் கழித்து. இவற்றில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? சைரஸோ கோம்ப்ஸோ, உள்ளூர்க்காரர் ஒருவர் கைப்பிடித்து அழைத்து வந்தால் வழிவிடுகிறார்கள். நாஷ்வில் அனுமதியே தேவையில்லை என்று நேராக வந்து நிற்பவருக்கு வழி கிடைப்பதில்லை. ஒலிவியாவுக்கு எதிராக எழுந்த கூச்சலுக்கும் இதே வேர்தான். அவர் வெள்ளைக்காரி என்பதால் கூச்சலோடு விருதும் கிடைத்தது. பியான்சேவுக்கு அதுவும் இல்லை.

கேள்வி: மோர்கன் வாலன் விஷயத்தில் என்ன செய்தார்கள்?

2021 பிப்ரவரியில் அந்தக் கன்ட்ரிப் பாடகர் இனவசைச் சொல்லைப் பயன்படுத்தும் வீடியோ வெளியானது. ஏசிஎம் அவ்வருடம் தகுதியே இல்லை என்றது. சிஎம்ஏ தனிநபர் பிரிவுகளில் மட்டும் தடுத்து, ஆல்பத்தை அனுமதித்தது. ஆல்பத்தில் மற்றவர்கள் உழைப்பும் உண்டு என்பது வாதம். விற்பனை குறையவில்லை, கூடியது. 2024இல் அவரே என்டர்டெய்னர். வாங்க விழாவுக்கு வரவில்லை.

கேள்வி: பேசாமல் ரசிகர்களையே ஓட்டுப் போடவிட்டால் என்ன?

செய்து பார்த்தாயிற்று. மியூசிக் சிட்டி நியூஸ் என்ற பத்திரிகை 1967இலேயே வாசகர் ஓட்டில் விருது கொடுத்தது; பல பெயர் மாறி அதுதான் பிறகு சிஎம்டி விருது ஆனது. 2008இல் ஏசிஎம் தன் என்டர்டெய்னர் விருதை இணையத்தில் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டது. வென்ற கென்னி செஸ்னியே, இது யார் நன்றாக மார்க்கெட்டிங் செய்கிறார் என்ற போட்டியாகிவிடும் என்று குறைபட்டுக்கொண்டார். வென்றவரே குறை சொன்னால் அப்புறம் என்ன இருக்கிறது!

கேள்வி: விருதால் நிஜமாகவே ஒருவருக்கு வாழ்க்கை மாறியிருக்கிறதா, இல்லை எல்லாம் ஏற்கெனவே ஜெயித்தவர்களுக்குத்தானா?

பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆனால் 2015 கிரிஸ் ஸ்டேபிள்டனைப் பார்க்க வேண்டும். பல வருடம் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், மே மாதம் வந்த முதல் தனி ஆல்பத்தை ரேடியோ கண்டுகொள்ளவில்லை. நவம்பர் சிஎம்ஏ மேடையில் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் சேர்ந்து எட்டு நிமிடம் பாடினார். அதே இரவு புதுக்கலைஞர், சிறந்த பாடகர், சிறந்த ஆல்பம் மூன்றும். ஆல்பம் விற்பனைக்கான பில்போர்டு 200 பட்டியலிலிருந்து விழுந்துவிட்டிருந்த ஆல்பம் நேராக முதலிடத்தில் மறுபடி நுழைந்தது. அன்று வாங்கியதையும் சேர்த்துச் சிறந்த பாடகர் விருதை மட்டும் எட்டு முறை வாங்கிவிட்டார்.

என் கணக்கில் விருதைவிட அந்த எட்டு நிமிடம்தான் வேலை செய்தது. ஆனால் பரிந்துரை இல்லாவிட்டால் அந்த எட்டு நிமிடத்தை யார் கொடுத்திருப்பார்கள்?

கேள்வி: சிட்னியில் இருக்கிறேன். இங்கே டாம்வொர்த் என்று ஒரு ஊரில் கன்ட்ரி விழா நடக்கிறது. அதற்கும் இவற்றுக்கும் தொடர்புண்டா?

தனிக் குடும்பம். கோல்டன் கிட்டார் விருது, 1973இல் அந்த ஊர் 2டிஎம் ரேடியோ நிலையத்தின் முயற்சியில் தொடங்கியது, ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும். முதல் கோல்டன் கிட்டாரை வாங்கியவர் ஜாய் மெக்கீன், கணவர் ஸ்லிம் டஸ்டி பாடிய லாரி ஓட்டுநர் பாட்டை எழுதியதற்காக. ஒரு முறை போய்ப் பாருங்கள், தெருவோரக் கச்சேரிகளே போதும்.

கேள்வி: இந்தியாவில் இருந்தபடி சிஎம்ஏவை நேரலையாகப் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

நவம்பரில் ஒரு புதன்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 8 மணிக்குத் தொடங்குவது வழக்கம். நமக்கு வியாழன் காலை 6.30. மூன்று மணி நேரம் ஓடும், என்டர்டெய்னரைக் கடைசியில்தான் அறிவிப்பார்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் ஒன்பதரை வரை பொறுக்க முடியாது. பாடிய காட்சிகளை அன்று மாலையே துண்டு துண்டாக இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.